தோளில் வைத்த கை

போன மாதம், படம் எடுக்கிற இளைஞர்களான நீங்கள் எனக்கு எடுத்த பாராட்டு விழாவில், மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். கிழவருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது என்று சிலர் உருகினீர்களாம். தலைக்கனம் என்று சிலர் சொன்னீர்களாம். இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆனால் இரு தரப்பும் சொன்னது சரியில்லை. எனக்குப் பின்னால் சுவர் அளவுக்கு அந்தக் காட்சியை ஓடவிட்டு, அடியில் ‘சுதந்திரக் கண்ணீர்’ என்று எழுத்தும் போட்டு, “ஐயா, இதைப் பற்றி நாலு வார்த்தை” என்றீர்கள். நாலு வார்த்தையில் அடங்குகிற விஷயமாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

பேட்டி எடுக்க வருகிற ஒவ்வொருவரும் என்னிடம் இரண்டு கேள்வி கேட்கிறீர்கள். அந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள்? அதற்குப் பிறகு தொடங்கிய படங்களை ஏன் முடிக்காமல் விட்டீர்கள்? இரண்டுக்கும் பதில் ஒரே வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் இருவரும் இப்போது இல்லை. ஆகவே சொல்கிறேன்.

லண்டன் பேச்சுவார்த்தை முடிந்து திரும்பிய தலைவர், மலாயாவுக்குச் சுதந்திரம் என்றைக்கு என்பதை மலாக்காவில் வைத்து அறிவிக்கப்போகிறார் என்றதும், ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குக் கிளம்பியது. என்னிடம் அப்போது ஒரு பழைய சின்னக் கேமரா இருந்தது. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் முறுக்கிவிட வேண்டும். அரை நிமிடம்கூட முழுதாக ஓடாது, ‘டக்’கென்று நின்றுவிடும். மறுபடி முறுக்க வேண்டும். ஓடும்போது தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வாப்பாவுக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. சுதந்திரமே வந்தாலும் கடையை அடைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது திடலில் எள் போட இடமில்லை. மற்றக் கேமராக்காரர்கள் மேடைக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். எனக்கு ஓரத்தில் நின்ற ஒரு மாட்டு வண்டிதான் கிடைத்தது. அதன் மேல் ஏறினேன். மேடை தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் தெரிந்த முகங்களை எடுத்தேன்.

அப்போது அகப்பட்டவர்தான் நீங்கள் எல்லோரும் அறிந்த அந்த மனிதர். நாற்பது வயது இருக்கும். சுற்றிலும் எல்லோரும் கையை உயர்த்தி ‘மெர்டேக்கா’, சுதந்திரம், என்று கத்துகிறார்கள். அவர் கத்தவில்லை. வலது கையை மடக்கித் தன் வலது தோளிலேயே வைத்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி நிற்கிறார். கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. துடைக்கவில்லை. சாவி தீரும்வரை அவரையே எடுத்தேன்.

சுதந்திரம் வந்த வருடம், சிங்கப்பூரில் இருந்த ஒரு செய்திப்படக் கம்பெனி அந்தக் காட்சியைத் தன் படத்தின் முடிவில் சேர்த்தது. தியேட்டர்களில் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். பத்திரிகைகள் அந்தக் கைக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தன. நாட்டின் பாரத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொண்ட குடிமகன் என்று ஒன்று எழுதியது. அடிமை நுகம் இறங்கிய தோளைத் தடவிப் பார்க்கிறார் என்று இன்னொன்று எழுதியது. அந்த அர்த்தத்துக்காகவே நான் திட்டமிட்டு எடுத்ததாக இரண்டிலும் இருந்தது. நான் மறுக்கவில்லை. கடையை அடைக்க நேரமானதால் கிடைத்த காட்சி என்று சொல்ல எந்த இளைஞனுக்கு வாய் வரும்? படம் பிடிக்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த வாப்பாவே, சாமான் வாங்க வருகிறவர்களிடம் “நம்ம மகன்தான்” என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

புகழ் வந்ததும் முதலில் கெட்டது என் மாட்டுவண்டிப் படம். ஆற்றங்கரையில் சரக்கு ஏற்றுகிற வண்டிக்காரர் ஒருவரை மாதக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்தேன். நான் பக்கத்தில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மாட்டைக் கண்டபடி திட்டுவார், பிறகு அதன் காதருகே குனிந்து சமாதானம் சொல்வார். செய்திப்படம் வந்த பிறகு ஒரு நாள் போனால், மனிதர் இரவல் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்கிறார். மாட்டின் கொம்புக்குப் புது வர்ணம். “தம்பி, நான் எந்தப் பக்கம் பாத்து அழணும்?” என்று கேட்டார். நானும் அன்றைக்குச் சிரித்தேன். அதற்குப் பிறகு எத்தனை தரம் போனாலும் அவர் அந்தக் கோட்டைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. நான் பாதியில் விட்ட முதல் படம் அது.

இரண்டாவதுதான் காஜா பெராங் படம்.

சிங்கப்பூர்க் கம்பெனியின் மேலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தோளில் கை வைத்த மனிதரைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். மலாக்காவிலேயே, காஜா பெராங்கில், செட்டி கம்பம் என்கிற செட்டிகள் குடியிருப்பில் இருக்கிறாராம். செட்டிகள் எத்தனையோ தலைமுறைக்கு முன் தமிழகக் கரையிலிருந்து வந்து இங்கேயே கலந்துவிட்டவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, வீட்டில் பேசுவது மலாய். பொங்கலுக்கு முந்தின நாள் அவர்கள் ‘பார்ச்சு’ என்று ஒரு படையல் போடுவார்கள். இறந்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, வாழை இலைகளில் பரப்பி, கும்பிட்டுவிட்டு, வீட்டார் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். இறந்தவர்கள் உள்ளே வந்து சாப்பிடுகிறார்கள் என்பது நம்பிக்கை. சாப்பிடுகிறவர்களை நின்று பார்ப்பது மரியாதையில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் மறுபடி உள்ளே போவார்கள்.

மேலாளருக்கு வேண்டியிருந்தது அந்தச் சாத்திய கதவுக்கு உள்ளே இருப்பது. “கேமராவை ஓடவிட்டுட்டு நீ வெளிய வந்துரு. மனுசன் பாக்கக் கூடாதுன்னுதானே சொல்றாங்க, மெஷின் மனுசனா?” என்றார். கெட்டிக்காரர். இந்தப் படம் லண்டன்வரைக்கும் போகும் என்றும் சொன்னார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. பயத்தினால் என்று நினைத்துவிடாதீர்கள், சந்தோஷத்தினால்.

பண்டிகைக்குச் சில நாள் முன்னதாக, வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க அந்த வீட்டுக்குப் போனேன். தோளில் கை வைத்த அந்த மனிதரின் பெயர் அருணா, மரப் பட்டறையில் வேலை. நான் அபாங் அருணா என்று கூப்பிட்டேன், அண்ணன் என்று அர்த்தம். “சுடாஹ் மாக்கான்?” என்று கேட்டுக்கொண்டே கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். சாப்பிட்டாயிற்றா என்று யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற மனிதர். முன் அறைச் சுவரில் பத்திரிகையில் வந்த அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். நான் கேட்காமலே அதற்குப் பக்கத்தில் போய் நின்று, கையைத் தோளில் வைத்து, முகவாயை உயர்த்திக் காட்டினார். பிறகு எனக்குக் குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று கடைக்குக் கிளம்பினார்.

அவர் மனைவி செல்லம்மா புக்கிட் ரம்பாய் ஊர்த் தமிழ்க் குடும்பத்துப் பெண், செட்டி வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அதுவரை அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. கணவர் வாசலைத் தாண்டியதும் என்னைக் கூப்பிட்டார். தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“நீதானா தம்பி அந்தப் படம் புடிச்சது?”

பெருமையாகத் தலையாட்டினேன்.

“அவங்க கை எதுக்கு அங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?”

பத்திரிகையில் வந்த இரண்டு அர்த்தங்களில் எனக்குப் பிடித்ததை எடுத்துச் சொன்னேன். அவர் துருவுவதை நிறுத்தவில்லை.

“எங்களுக்கு ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு. ஏழு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்தா மெர்டேக்கா மெர்டேக்கான்னு வீட்டையே ரெண்டாக்கும். திடலுக்குப் போகணும், கூட்டத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது, தோள்ல தூக்கி வச்சிக் காட்டணும்னு அப்பாகிட்ட வாக்கு வாங்கி வச்சிருந்துச்சு. காய்ச்சல் வந்துச்சு. கூட்டத்துக்கு முந்தின வாரம் போயிருச்சு.”

துருவி முடித்த மூடியை வைத்துவிட்டு அடுத்த மூடியை எடுத்தார்.

“போக வேணாம்னு அழுதேன். சொன்ன சொல்லு, போகணும்னுட்டாங்க. அங்க புள்ளயோட காலைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க தம்பி. கூட்டம் இடிச்சா விழுந்துறக் கூடாதுல்ல.”

அம்மிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காட்சியை நான் வெட்டி ஒட்டியபோது நூறு தடவையாவது பார்த்திருப்பேன். விரல்கள் மடங்கியிருப்பதையும் பார்த்திருந்தேன். சும்மா தோளில் கை வைக்கிறவன் விரலை அப்படி மடக்க மாட்டான் என்று எனக்கு ஒரு தரமும் தோன்றவில்லை.

“நீ படத்தப் போட்ட. பாசார்ல கடைக்குக் கடை எல்லாரும் கை குடுக்குறாங்க. முதல்ல இவங்க, அப்படி இல்லன்னு சொல்லத்தான் பாத்தாங்க. நல்ல நாளும் அதுவுமா செத்ததைப் பேசுறியேன்னு ஒருத்தரு. கூச்சப்படுறாருன்னு இன்னொருத்தரு. அப்புறம் இவங்களும் ஆமான்னுட்டாங்க. எம்புள்ளைக்கு அழுத அழுகையைத் தூக்கி நாட்டுக்குக் குடுத்துட்டாங்க. நாட்டுக்கு அழ எத்தனை பேரு இருக்காங்க. அவளுக்கு நாங்க ரெண்டு பேருதானே தம்பி.” துருவலை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார். “அதுக்கப்புறம் அவங்க அவளுக்குன்னு ஒரு நாள் அழுததில்ல.”

அன்றே இந்த வேலை வேண்டாம் என்று சிங்கப்பூருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைப் படமாக்கி, பழையதைச் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சரிசெய்தவன் என்ற பெயரும் எனக்குத்தான் வரும் என்பது அந்தச் சமாதானத்துக்குள் பதுங்கி இருந்தது.

பார்ச்சு அன்று மாலை. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். நடு அறையில் இலைகள் போட்டு, தேங்காய்ப்பால் சோறு, மீன், சம்பல், பலகாரம் என்று வைத்தார்கள். எல்லாம் வைக்கும்போது அவர்கள் சம்மதத்துடன் எடுத்தேன். கடைசி இலை சின்னது. அதில் சோறு கொஞ்சம்தான். வெல்லம் வைத்த பச்சை நிற உருண்டைகள் நிறைய. பக்கத்தில் மூடி திறந்த ஓரஞ்சு பாட்டில் ஒன்று, அதில் ஒரு உறிஞ்சுகுழல். கேமராக் கண்ணாடிக்குள் அதைப் பார்த்தபோது மேலாளரின் யோசனை என் தலையை விட்டுப் போய்விட்டது. அந்தப் பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று மட்டும்தான் இருந்தது. “கேமராவும் வெளிய, தம்பி” என்று செல்லம்மா அக்கா சொல்வதற்கு முன்பே அதைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

கதவைச் சாத்தினார்கள். சொந்தக்காரர்கள் வாசல் பக்கம் போய் நின்றார்கள். முன் அறையில் அவர்கள் இருவரும் நானும் மட்டும், அந்தப் பத்திரிகைப் படத்துக்குக் கீழே. அபாங் அருணா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

“இப்ப எடு தம்பி” என்றார் என்னிடம். “அன்னிக்கு எடுத்தியே, அதே மாதிரி எடு. இன்னிக்கு அவ உள்ள சாப்புட்றா. இப்ப அழுவாங்க. இதைக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டு.”

கெஞ்சினாரா, கட்டளையிட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சாவியை முழுதாக முறுக்கினேன். அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்தினேன்.

தையல் மெஷின் சத்தம் கிளம்பியது. அவர் திரும்பிப் பார்த்தார். உதடு நடுங்குவது நின்றது. முகவாய் உயர்ந்தது. ஜன்னல் வெளிச்சம் விழுகிற பக்கமாக முகம் தானாகத் திரும்பியது. எத்தனை பத்திரிகைக்காரர்கள் வந்து எத்தனை தரம் திருப்பி நிறுத்தினார்களோ. கை எழுந்து தோளில் போய் உட்கார்ந்தது. விரல்கள் நேராக நீட்டியிருந்தன. கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

வேண்டுமென்று செய்தார் என்று நினைக்காதீர்கள். சத்தம் கேட்டதும் உடம்பு அப்படிப் போய்விட்டது. அக்கா மலாயில், மிகவும் மெதுவாக, அது இல்லை என்றார். அவருக்குப் புரிந்தது. முகத்தில் பயம் வந்தது. கையை இறக்கினார். மறுபடி வைத்தார். விரல்களை மடக்கிப் பார்த்தார். சொந்தப் பிள்ளையின் காலை எப்படிப் பிடித்திருந்தோம் என்று தேடுகிற மனிதரை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

என்னால் தாங்க முடியவில்லை. கேமராவை அவர் முகத்திலிருந்து திருப்பினேன். வேறு எங்கே காட்டுவது என்று தெரியாமல் சாத்திய கதவுக்கு நேராகப் பிடித்தேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பழைய மரக் கதவு, நடுவில் பித்தளை வளையம், மேலே மாவிலை. மெஷின் ஓடியது. ‘டக்’கென்று நின்றது.

அறை அமைதியானது. அந்த அமைதியில், எனக்குப் பின்னால், அவர் அழத் தொடங்கினார்.

படத்தில் நீங்கள் பார்த்த அழுகைக்குச் சத்தம் கிடையாது. இதற்கு இருந்தது. நீண்ட நாள் பூட்டிக் கிடந்த ஒன்றைத் திறப்பதுபோல் முதலில் தொண்டை மட்டும் கரகரத்தது. பிறகு பெயர் சொல்லி அழுதார். பிள்ளையின் பெயரை அந்த வீட்டில் நான் கேட்டது அப்போதுதான்.

கேமராவில் பிலிம் இருந்தது. என் கை சாவியின் மேல் இருந்தது. நாலு முறுக்கு முறுக்கித் திரும்பினால் போதும். எடு என்று அந்தத் தாயே சொல்லியிருக்கிறார். உண்மையான காட்சி அதுதான், பழையதை அடியோடு சரிசெய்துவிடும். இதை எல்லாம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்றால் பொய். அந்தச் சத்தம் மறுபடி கிளம்பினால் அவர் கை மறுபடி தோளுக்குப் போய்விடும் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சாவியிலிருந்து கையை எடுத்தேன். திரும்பிப் பார்க்கவும் இல்லை. கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அழுகை ஓய்ந்த பிறகு அவர் என்னைத் தாண்டி நடந்தார். கதவைத் தட்டினார். “சுடாஹ் மாக்கான், நாக்?” என்று கேட்டார். சாப்பிட்டாயிற்றா, மகளே? கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் திறந்தார்.

அக்கா என் பக்கத்தில் வந்தார். “அவங்க அழுதப்ப கேமரா ஓடலதானே தம்பி?”

“ஓடலக்கா.”

“நல்லது” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாங்க இருக்குற வரைக்கும் இதை யார்கிட்டயும் சொல்லிறாத. இதையும் செஞ்சு காட்டச் சொல்லி வருவாங்க. நாங்க போனப்புறம் சொல்லு” என்றார். பிறகு எனக்கு இலை போட்டார். நான் சாப்பிட்டேன்.

சிங்கப்பூரில் மேலாளர் பிலிமைப் போட்டுப் பார்த்தார். அபாங் அருணா தோளில் கை வைத்து நிற்கிற இடம் பிரமாதம் என்றார். கதவு எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்டார். கதவை வெட்டிவிட்டு, உள்ளே நடப்பதுபோல் இங்கேயே ஒரு அறை போட்டு எடுத்துச் சேர்த்துவிடலாம் என்றார். நான் பிலிமைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு மலாக்காவுக்கு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடவில்லை. அந்தப் பெட்டி இன்றும் என் வீட்டில் இருக்கிறது.

பின்னால் தொடங்கிப் பாதியில் விட்ட படங்கள் எல்லாவற்றையும் இந்தக் கதவின் தலையில் போட மாட்டேன். சோம்பலும் வறட்டுப் பிடிவாதமும் எனக்கு வேண்டிய அளவு உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும், எதிரே இருப்பவரின் முகவாய் உயர்வதைப் பார்த்ததும் கேமராவை மூடிவிடுகிற பழக்கம் அன்றைக்கு வந்தது, போகவே இல்லை. என் பெயர் எனக்கு முன்னால் ஓடிப்போய் அவர்களை அலங்கரித்து நிறுத்தியிருக்கும். நீங்கள் பெயர் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் ஆசைப்பட்டேன், இனித்தது. உங்கள் பெயரைக் கேட்டதும் எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

இன்னொன்று. உங்கள் கையில் இருப்பவை சாவி தீராத கேமராக்கள். நாள் முழுக்க ஓடும், சத்தமும் இல்லை. எனக்கு அன்று மெஷினே நின்று கொடுத்தது, மறுபடி முறுக்காமல் இருந்தது மட்டும்தான் என் வேலை. உங்களுக்கு அந்த உதவி கிடையாது. நீங்களாகத்தான் நிறுத்த வேண்டும்.

அபாங் அருணா போய் வெகுநாளாகிறது. கடைசிவரை கடைத்தெருவில் அவரை மெர்டேக்கா என்றே கூப்பிட்டார்கள், அவரும் கை கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு பார்ச்சுக்கும் கதவுக்கு வெளியே நின்று அழுதார் என்று அக்கா சொன்னார். அக்கா போன வருடம் போனார்.

அந்தக் காட்சியை மறுபடி எங்காவது போட்டால் அடியில் ‘சுதந்திரக் கண்ணீர்’ என்று எழுதாதீர்கள். ஒன்றும் எழுதாமல் விட்டால் நல்லது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அவள் பெயர் கௌரி.